என் மனைவியின் நான்கு கணவர்கள்

ஒதீலியாவுக்கு, என்னைச் சேர்க்காமல், நான்கு கணவர்கள்.
ஒருவன் வக்கீல். ஒருவன் திராட்சைத் தோட்டக்காரன்.
ஒருவன் எந்நேரமும் சக்கர நாற்காலியில்.
நான்காமவன் போருக்குப் போனவன் திரும்பவே இல்லை.
சம்பளம் படியவில்லையாம்.

நான் செதூபலிலிருந்து துரோயாவுக்குப் போகும் படகில்
சீட்டுக் கிழிப்பவன்.
வாரத்தில் ஐந்து இரவு, எட்டரை மணிக்கு
ஊர் பார்க்க அவர்கள் அவளை முத்தமிடும்போது
அக்கரையில் கார்களை வரிசைகட்டி நிறுத்திக்கொண்டிருப்பேன்.
நல்லதுதான்.

அப்போதெல்லாம் மீன் ஆலை ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கு.
மத்தி ஏற்றிய படகு வந்தால் ஊதும்.
நள்ளிரவென்றாலும், தன் சங்கு எதுவென்று
தூக்கத்திலேயே பிரித்தறிந்து ஓடுவார்கள் பெண்கள்.
பதினாறு வயதில் அவளும் ஓடினாள்.
கட்டைவிரலால் ஒரு திருகு,
தலையோடு குடலும் வந்துவிடும்.
நாங்கள் முதன்முதலில் ஆடிய இரவில்
கையில் எலுமிச்சை தேய்த்து வந்திருந்தாள்.
அதையும் மீறி மணந்தது மத்தி.
நான் ஒன்றும் சொல்லவில்லை. என் சட்டையில் டீசல்.

ஆலை மூடியதும் தொலைபேசிக் கம்பெனி.
குரல் கணீரென்று இருக்கிறதே என்று யாரோ
கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
பூஜ்யத்திலிருந்து ஐம்பத்தொன்பது வரை
சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்களாம்.
அதன்பின் பத்து வருஷம்
எவர் வீட்டுக் கடிகாரம் நின்றாலும்
என் மனைவிதான் மணி சொன்னாள்.
மளிகைக் கடைத் தொலைபேசியில் அவள் அம்மா
அந்த எண்ணைச் சுழற்றிச் சுழற்றி அலுத்துப்போய்
என்னிடம் வந்து நின்றாள்:
"நான் கேட்ட எதுக்கும் பதில் இல்ல.
மணியை மட்டும் சொல்றா.
உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?"

முதல் வேஷம் வேலைக்காரி.
ஒரே ஒரு வசனம்: "கார் வந்துவிட்டது, சீமாட்டி."
தொட்டிலை ஆட்டியபடி அதை
நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.
எங்கள் பெனில்தெ முதலில் பேசிய சொல் அம்மா அல்ல,
சீமாட்டி.
அவளே பதின்மூன்று வயதில், கதவை அறைந்து சாத்துமுன்
கேட்டாள்: "இப்போ என்னைத் திட்டினியே,
அதை யார் எழுதிக் கொடுத்தாங்க?"
ஒதீலியா பதில் சொல்லவில்லை.
அன்றிரவு உருளைக்கிழங்கு கருகியது.

பிறகுதான் தோனா அம்பாரோ.
மருமகளுக்கு விஷம் வைத்த மாமியார்.
பன்னிரண்டு வருஷம் நாடே அவளைச் சபித்தது.
சந்தையில் மீன்காரி ஒருத்தி
கூடையின்மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினாள்:
"கொலைகாரிக்கு இங்கே மீன் கிடையாது."
எனக்குச் சுருக்கென்றது.
ஒதீலியா சாக்கை விலக்கினாள்,
ஒரு மத்தியை எடுத்தாள்,
கட்டைவிரல், ஒரு திருகு.
இன்னொன்று. இன்னொன்று.
மீன்காரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
"எந்த ஆலை?" என்றாள்.
வீட்டுக்கு வரும்போது எங்களிடம் இரண்டு கிலோ இருந்தது.
காசு வாங்க மறுத்துவிட்டாள்.

போன மார்ச்சில் அம்பாரோவை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார்கள்.
தொலைபேசியில்தான் சொன்னார்கள், அதுவும் ஒரு பையன்.
பக்கத்து வீட்டு மதாம் ஃபிர்மினா
சூப் கொண்டுவந்து என் கையைப் பிடித்து அழுதாள்.
உள்ளே குழாயடியில் நின்று
பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள் இறந்தவள்.
சூப் நன்றாக இருந்தது.

மணி சொல்லும் எண்ணை எப்போதோ எடுத்துவிட்டார்கள்.
படகுச் சங்கு கேட்டால் இப்போதும்
தூக்கத்தில் அவள் கால் செருப்பைத் தேடும்.
விழிப்பு வந்து நான் கேட்பேன்:
"மணி என்ன ஆச்சு?"
இருட்டில் தொண்டையைச் செருமி
அந்தப் பழைய கண்ணாடி அறைக் குரலில்
மூன்று, நாற்பத்திரண்டு, பத்து நொடி
என்பாள்.
சரியா என்று நான் பார்ப்பதில்லை.
சில நாள், அதே குரலில்,
"போர்வையை விடு" என்றும் சொல்வாள்.